‘மெரிக்கன்’ எந்த ஊர்ப் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பெயரின் கடைசியில் ‘மெரிக்கன்’ என்றோ ‘மரிக்கன்’ என்றோ போட்டுக்கொள்பவர்களைச் சிங்கப்பூரில் அரிதாகவே காண முடியும். அதனாலேயே அந்தப் பெயர் காதில் விழுந்ததும், மலாய்ப் பெயரா, அரபுப் பெயரா, அமெரிக்காவோடு ஏதாவது தொடர்பா என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்கிறார்கள். அது தமிழகக் கடற்கரையில் பிறந்த பெயர். ‘மரைக்காயர்’ என்பதே மூலம். கப்பல் வைத்திருந்தவர்கள், கப்பலேறி வணிகம் செய்தவர்கள் எனக் கடலை நம்பி வாழ்ந்த தமிழ் முஸ்லிம்களின் பட்டம் அது. அந்தப் பட்டம் எந்தக் கரையில் எந்த உருவம் எடுத்தது, சிங்கப்பூரில் ஏன் கண்ணில் படாமல் போனது, தம் குடும்பத்தில் அது இருந்ததா என்று ஒருவர் எப்படித் தேடுவது ஆகியவற்றை உங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

சொல்லின் வேர் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, தமிழ் ‘மரக்கலம்’. மரக்கலத்துக்கு உரியவர் ‘மரக்கலராயர்’. அது பேச்சில் தேய்ந்து மரைக்காயர் ஆனது என்பார்கள். மற்றொன்று, கப்பலைக் குறிக்கும் ‘மர்கப்’ என்ற அரபுச் சொல். கரையிறங்கிய அரபு வணிகர்களை யார் நீங்கள் என்று கேட்டபோது, அவர்கள் கப்பலைக் கைகாட்டி ‘மர்கப்’ என்றார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. எனக்கு முதல் வேரே பொருத்தமாகப் படுகிறது. மலையாளக் கரையில் இதே பட்டம் ‘மரக்கார்’ என்று நிற்கிறது. சிங்களத்தில் முஸ்லிம்களை ‘மரக்கல’ மக்கள் என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. இரண்டிலும் மரக்கலம் அப்படியே தெரிகிறது. ‘மர்கப்’ என்பதிலிருந்து வந்திருந்தால் கடைசி ‘ப்’ எங்கே போனது என்று சொல்ல வேண்டியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வேரும் கப்பலில்தான் போய் முடிகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மரைக்காயர் என்பது ஒருவருடைய இயற்பெயருக்குப் பின்னால் மரியாதைக்குச் சேர்க்கப்படும் பட்டம். ஐரோப்பியர்களின் குடும்பப் பெயரைப் போல அது தானாகவே பிள்ளைக்குப் போய்ச் சேராது. இதற்கு நாம் எல்லோரும் அறிந்த சான்று, இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம். அவருடைய தந்தை ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மரைக்காயர். மகனின் பெயருக்கு முன்னால் அவுல், பக்கீர், ஜைனுலாப்தீன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் மூன்று தலைப்பெழுத்துகளாக நிற்கின்றன. மரைக்காயர் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. மரைக்காயர் குடும்பத்தில் பிறந்த பல்லாயிரம் பேரின் அடையாள அட்டையில் அந்தப் பெயர் இல்லாததற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டம் எங்கெல்லாம் ஒரு பதிவு அலுவலகத்தின் ஏட்டில் நிலையாக உறைந்துபோனதோ, அங்கெல்லாம் மட்டும்தான் அது குடும்பப் பெயராக மாறியது. உறைந்த இடத்தில் யாருடைய ஆட்சி நடந்ததோ, அவர்களுடைய எழுத்துக்கூட்டல் அதில் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஒருவர் இந்தப் பெயரை எப்படி எழுதுகிறார் என்பதே அவருடைய முன்னோர் எந்தத் துறைமுகத்தில் முதலில் பதிவானார்கள் என்பதற்கு முதல் துப்பு.

தாய்க்கரையில் இந்தப் பட்டத்தின் ஊர்கள் வடக்கே பழவேற்காட்டில் தொடங்குகின்றன. பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், தோப்புத்துறை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், வேதாளை, கீழக்கரை என்று இறங்கி, காயல்பட்டினம் வரைக்கும் போகின்றன. எல்லாமே கடலோர ஊர்கள். உள்நாட்டில் கால் வைத்தவுடன் ராவுத்தர் என்ற பட்டம் கூடுதலாகக் கண்ணில் படும். கீழக்கரையில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த வள்ளல் சீதக்காதியைப் பெரியதம்பி மரைக்காயர் என்றும் அழைத்தார்கள். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடி முடிக்கத் துணை நின்ற அபுல் காசிம் மரைக்காயர் பரங்கிப்பேட்டைக்காரர். பரங்கிப்பேட்டையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு பற்றிச் சொல்லும்போது அந்த ஊர் மறுபடியும் வரும்.

மேற்குக் கரையில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்காயர்கள் நால்வர். போர்ச்சுகீசியர்கள் நான்காமவரை 1600இல் கோவாவில் கொன்றார்கள். அதற்கு முன்பே, 1538இல், ராமநாதபுரம் கரையில் உள்ள வேதாளையில் பட்டு மரைக்காயரின் கப்பல்களை அவர்கள் முறியடித்திருந்தார்கள். அவர்களுடைய ஏடுகளில் இந்தப் பெயர் ‘மர்க்கார்’ என்று இரண்டே அசையில் சுருங்கிக் கிடக்கிறது. ஐரோப்பிய எழுத்தில் இந்தப் பெயர் ஏறிய மிகப் பழைய உருவங்களுள் இதுவும் ஒன்று.

இலங்கையில் அது ‘மரிக்கார்’. சுருக்கினால் ‘மாக்கார்’. கொழும்பு அருங்காட்சியகம் 1877இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரிக்கார். 1956இல் பண்டாரநாயக்க அமைச்சரவையில் இருந்தவர் சி. ஏ. எஸ். மரிக்கார். 1978 முதல் 1983 வரை நாடாளுமன்ற சபாநாயகராக இருந்தவர் பேருவளையைச் சேர்ந்த பாக்கீர் மாக்கார். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய எழுத்தில்தான் பெயர் சிதைந்தது. இலங்கையில் தமிழ் எழுத்திலேயே புதிய உருவம் நிலைத்துவிட்டது. ஆகவே ஒரு பழைய தமிழ்க் கடிதத்தில் ‘மாக்கார்’ என்று இருந்தால் அது எழுத்துப்பிழை இல்லை. இலங்கைத் தொடர்பைத் தேட வேண்டும்.

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு ஆட்சி. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய இந்தியர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். முஸ்லிம்களில் பெரும்பாலோர் அப்படித் துறக்கவில்லை. ஆனாலும் பிரெஞ்சுக் குடிமைப் பதிவேடு கேட்ட கட்டங்களில் கடைசிச் சொல் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்தது. இப்படித்தான் ‘மரிக்கார்’ அங்கே பிள்ளைகளுக்கும் இறங்கியது. காரைக்கால் முஸ்லிம் வணிகர்கள் சைகோனுக்கும் போனார்கள். அந்த நகரின் நடுவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கிடைத்தது. அதைப் பயன்படுத்திக்கொண்டவர்களின் வழியில் இந்தப் பெயர் பிரான்சுக்கும் போயிற்று.

‘மெரிக்கன்’ என்ற உருவம் பினாங்கிலும் கெடாவிலும் நிலைத்தது. பினாங்கின் முதல் கப்பித்தான் கிளிங்காக (தென்னிந்தியச் சமூகத்தின் தலைவராக) இருந்து, 1801இல் தொடங்கிய பள்ளிவாசலுக்குத் தன் பதவிப் பெயரையே விட்டுச்சென்ற காதிர் முகைதீன், பரங்கிப்பேட்டையிலிருந்து கப்பலில் வந்த வணிகர். அவர் பெயரோடும் மெரிக்கன் சேர்த்து எழுதப்படுவதுண்டு. ‘ர்’ எப்படி ‘ன்’ ஆனது என்று பலர் கேட்பார்கள். நாயக்கர், நாயக்கன், ராவுத்தர், ராவுத்தன் என்று நம் பட்டங்கள் பலவற்றுக்கும் மரியாதைப் பன்மையில் ஓர் உருவமும் ஒருமையில் ஓர் உருவமும் உண்டு. மரைக்காயர், மரைக்கான் என்பதும் அப்படித்தான். கேட்ட எழுத்தர் ஒருமையைப் பிடித்துக்கொண்டார் என்பது என் கணிப்பு. நடுவில் உள்ள ‘ரை’ ‘ரி’ ஆனதற்கும் காரணம் நம் நாக்கில்தான் இருக்கிறது. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகும் என்று இலக்கணமே சொல்கிறது. பேச்சில் அது ‘மரெக்காயர்’ என்றுதான் ஒலிக்கும். அதை ஆங்கிலக் காது ‘மரி’ என்றும் ‘மெரி’ என்றும் வாங்கிக்கொண்டது. மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியில் எழுதினால் இன்னும் குழப்பம். மீம், ரா, யா, காஃப், நூன் என்று ஐந்து எழுத்து. உயிர்க்குறிகள் பெரும்பாலும் இல்லாததால் மரிக்கன், மெரிக்கன் என்று எப்படியும் வாசிக்கலாம்.

பினாங்கில் இன்னொன்றும் நடந்தது. மலாய்ப் பெண்களை மணந்து மலாய் பேசிய குடும்பங்களில், பட்டம் தந்தையின் பெயரிலிருந்து கழன்று பிள்ளையின் இயற்பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. ‘இன்னார் மெரிக்கன் பின் இன்னார் மெரிக்கன்’ என்று பிறப்புப் பதிவிலேயே சேர்த்தார்கள் (இங்கே ‘பின்’ என்றால் ‘இன்னாரின் மகன்’). பெண் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். தாய்க்கரையில் பெண்கள் மரைக்காயர் என்று போட்டுக்கொள்வதில்லை. நாச்சியா, பீவி, உம்மா என்றுதான் அவர்கள் பெயர் முடியும். ஆகவே ஒரு பெண்ணின் பெயரில் மெரிக்கன் இருந்தால், பினாங்கு வழியாக வந்த குடும்பம் என்று முதலில் நினைப்பதில் தவறில்லை.

சிங்கப்பூருக்கு வருவோம். 1822ஆம் ஆண்டின் ஜாக்சன் நகரத் திட்டத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் முதலான தென்னிந்தியர்களைக் குறித்த ‘சூலியா’ என்ற பெயரில் சூலியா கம்போங் என்று தனி இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இலும், தெலுக் ஆயரில் குச்சுப்பள்ளி என்று நம்மவர் அழைத்த அல்-அப்ரார் 1827இலும் தொடங்கின. நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழுந்தது. இத்தனை மரைக்காயர் கால்தடம் இருந்தும் பெயர் இங்கே ஏன் தேறவில்லை? காரணம், ‘இன்னாரின் மகன்’ என்பதைக் குறிக்கும் ‘எஸ்/ஓ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்க்கலாம். ஊரிலிருந்து வந்தவர் முகம்மது காசிம் மரைக்காயர் என்று வைத்துக்கொள்வோம். மகனைப் பதியும்போது ‘அப்துல் காதர் எஸ்/ஓ முகம்மது காசிம்’. தன் பெயரைத் தானே சொல்லும்போது பட்டத்தைச் சேர்த்துச் சொல்லக் கூச்சப்படுவது நம் வழக்கம், எனவே தந்தை வாயாலேயே அது விடுபட்டது. பேரனுக்கு ‘பின் அப்துல் காதர்’. இரண்டே பதிவில் பட்டம் இருந்த சுவடே இல்லை. அண்ணனுக்கு எஸ்/ஓ, தம்பிக்கு பின் என்று ஒரே வீட்டில் இரண்டு விதமாகப் பதிந்திருப்பதும் உண்டு. சில வேளை எழுத்தர் பட்டத்தையும் சேர்த்து எழுதியிருப்பார். அந்தக் கிளைக்கு மட்டும் மரிக்கார் என்ற கடைசிச் சொல் கிடைத்திருக்கும். இதனால் பெரியப்பா மகனுக்குப் பெயர் இருக்கும், சித்தப்பா மகனுக்கு இருக்காது. இதை வைத்து ‘நாம் வேறு குடும்பம்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அதேபோல, இரண்டு பேருக்கு மரிக்கன் என்று இருப்பதால் மட்டும் அவர்கள் உறவினர் ஆகிவிட மாட்டார்கள். பட்டம் பல குடும்பங்களுக்குப் பொது.

தேட நினைப்பவர்கள் கணினிக்கு முன் உட்காருவதற்கு முன்பாக வீட்டில் உள்ள மூத்தவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, உங்கள் தாத்தா அவருடைய தந்தையை எப்படி அழைத்தார்? ‘வாப்பா’ என்றால் கடற்கரை ஊர். ‘அத்தா’ என்றால் ராவுத்தர் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, வீட்டார் தொழுகையில் ஷாஃபி மத்ஹபா (இஸ்லாமியச் சட்டப் பிரிவு), ஹனஃபியா? மரைக்காயர்கள் ஷாஃபி, ராவுத்தர்கள் ஹனஃபி. சிங்கப்பூரில் மலாய்க்காரர்களும் ஷாஃபி என்பதால் இங்கு வந்தபின் மாறியவர்களும் இருப்பார்கள். ஊரில் என்னவாக இருந்தார்கள் என்றே கேளுங்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பயன் தருவது: பாட்டியின் வீட்டுப் பெயர் என்ன? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். வீடு மகளுக்குப் போகும். பட்டம் தந்தை வழியில் ஓடும், வீடு தாய் வழியில் ஓடும். தந்தை வழிப் பெயரையே தேடிக்கொண்டு ஊரில் போய் நின்றால் யாருக்கும் தெரியாது. இன்ன வீட்டுப் பெண்ணின் பேரன் என்று சொன்னால் தெருவே அடையாளம் காட்டும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் மாறும் இடங்கள் நான்கு. ‘எம்’முக்குப் பின் ‘ஏ’ அல்லது ‘இ’. ‘ஆர்’ எழுத்துக்குப் பின் ‘ஐ’, ‘ஏ-ஐ’, ‘ஏ’, அல்லது ஒன்றுமே இல்லை. அதன் பின் ‘சி’, ‘கே’, இரட்டை ‘கே’. கடைசியில் ‘என்’ அல்லது ‘ஆர்’. பெருக்கிப் பார்த்தால் 48 வடிவங்கள். நடுவில் யகரம் சேர்த்தவற்றையும் எண்ணினால் 96. அத்தனையும் ஏடுகளில் இருக்காது. ஆனால் மெரிக்கன், மரிக்கன், மரிக்கார், மரைக்கார், மரக்கார், மர்க்கார், மரைக்காயர் ஆகிய ஏழையாவது தனித்தனியாகத் தேடிப் பார்த்த பிறகுதான் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். தேசிய நூலகத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் தேடுபவர்களைப் பெரிதும் திணறவைப்பது மெரிக்கன்தான். பழைய அச்சில் ‘அமெரிக்கன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து மங்கியிருந்தாலோ, வரி முடிவில் உடைந்திருந்தாலோ, இயந்திரம் மீதியை மட்டும் ‘மெரிக்கன்’ என்று படித்துவிடும். கப்பல் செய்தி, பருத்தி விலை என்று சம்பந்தமில்லாத பக்கங்கள் கொட்டும். இதைத் தவிர்க்க மெரிக்கனை மட்டும் தனியாக இடாதீர்கள். முகம்மது, காதர், சாகிப் போன்ற ஓர் இயற்பெயரையோ, நாகூர், சூலியா, நக்குதா (கப்பல் தலைவர்) போன்ற ஒரு சொல்லையோ சேர்த்துத் தேடுங்கள். மர்க்காரில் வேறு சிக்கல். ஆர்மீனியர்களிடையே ‘மார்க்கார்’ என்ற இயற்பெயர் உண்டு; ஹில் ஸ்திரீட்டில் 1835இல் தேவாலயம் கட்டிய சமூகம் அது. முன்னும் பின்னும் உள்ள பெயர் கிறிஸ்தவப் பெயரா என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் எது எதற்கு உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கு பிறப்பு, இறப்புப் பதிவுகள் 1872 முதல் உள்ளன. பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் பட்டத்தோடு இருக்க வாய்ப்புக் குறைவு. இறப்புப் பதிவில் கூடுதல். அங்கே பெயரைச் சொல்பவர் மற்றவர், மரியாதையோடு சொல்லியிருப்பார். நிக்காஹ் பதிவுக்கு 1880இல் சட்டம் வந்தது. அதில் மாப்பிள்ளையின் பெயரை விடப் பெண்ணின் வலீ யார் என்ற இடத்தை முதலில் படியுங்கள். வலீ என்பவர் பெண்ணின் பொறுப்பாளர், முதலில் தந்தை. அவர் இல்லாவிட்டால் தந்தை வழிப் பாட்டனார், உடன்பிறந்தவர், தந்தையின் சகோதரர் என்று தந்தை வழியிலேயே வருவார். நீங்கள் தேடும் பட்டம் அந்த ஒரு வரியில் இருக்கக்கூடும். தமிழகத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த தலைமுறையின் பழைய கடவுச்சீட்டு வீட்டில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். ஊர்ப் பெயர் அதில்தான் தெளிவாக இருக்கும்.

ஊர்ப் பெயர் கிடைத்தபின் பலர் தவறுவது மாவட்டத்தில். கடவுச்சீட்டில் ‘தஞ்சாவூர்’ என்று இருந்தால் தஞ்சைக்குப் போய்த் தேடக் கூடாது. நாகப்பட்டினம் 1991இல்தான் தனி மாவட்டம் ஆனது. அதுவரை நாகூரும் தோப்புத்துறையும் தஞ்சாவூர் மாவட்டம்தான். பரங்கிப்பேட்டை 1993 வரை தென்னார்க்காடு. பழைய தாள்களில் ஊரின் பெயரே ‘போர்ட்டோ நோவோ’ என்றுதான் இருக்கும். காயல்பட்டினம் 1986 வரை திருநெல்வேலி. காரைக்கால் என்றால் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை, பிரெஞ்சுப் பதிவேட்டில் தேட வேண்டும். ‘நெகப்பட்டம்’ என்று ஆங்கிலத்தில் இருப்பது நாகப்பட்டினம். கப்பலேறிய துறைமுகத்தை எழுத்தர் சொந்த ஊர் என்று எழுதிவிட்டதும் உண்டு. பல ஊர்க்காரர்களும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள் என்பதால், ‘நாகப்பட்டினம்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பி நின்றுவிடாதீர்கள்.

காத்திருக்க நேரம் இல்லாத ஒரு வேலை இருக்கிறது. மற்ற ஆவணங்களை அடுத்த ஆண்டும் தேடலாம். அடக்கத் தலத்தில் நட்டிருக்கும் மீசான் கற்களை அப்படித் தள்ளிப்போட முடியாது. 1998 முதல் சிங்கப்பூரில் ஒரு கபுறுக்கு (அடக்கக் குழிக்கு) 15 ஆண்டுதான் காலம். சுவா சூ காங்கில் அந்தக் காலம் முடிந்த கபுறுகள் தோண்டப்பட்டு, மிச்சங்கள் சிறிய இடத்தில் மறுபடியும் அடக்கப்படுகின்றன. பட்டத்தோடு முழுப்பெயர் தமிழிலோ, அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழிலோ, ஜாவியிலோ எழுதப்பட்ட ஒரே இடம் பல குடும்பங்களுக்கு அந்தக் கல்தான். கல் போனால் அந்த எழுத்தும் போய்விடும். ஆகவே குடும்பத்தார் இந்த வாரமே போய்ப் படம் எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்து தட்டையாகத் தெரியும். காலை எட்டு மணிவாக்கில் வெயில் சாய்ந்து விழும்போது, அல்லது நிழலில் கைப்பேசி விளக்கைக் கல்லின் ஓரமாக, ஏறக்குறையக் கல்லைத் தொடும்படி பிடித்து எடுத்தால் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியோ மாவோ தடவக் கூடாது. அது கல்லின் துளைகளில் தங்கிப் பாசியைக் கூட்டும். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பித் தூரிகை வேண்டாம். முன்பக்கம் அரபு இருந்தால் பின்பக்கத்தில் தமிழ் இருக்கலாம், எனவே இரண்டு கற்களையும் எல்லாப் பக்கமும் எடுங்கள். ஆண்டு ஹிஜ்ரியில் இருந்தால் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள்: 1318 என்றால் 1900 வரும். ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். படத்தோடு கபுறின் எண்ணையும் குறித்துவையுங்கள். எண் இல்லாத படம் பத்து ஆண்டுக்குப் பிறகு யாருடையது என்றே தெரியாது. படத்தின் ஒரு படியை வீட்டுக்கு வெளியே உறவினர் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள்.

இனி உங்களுக்கான வேண்டுகோள். தமிழ் நாளிதழில் வரும் இரங்கல் அறிவிப்பு, மீசான் கல்லைப் போல 15 ஆண்டில் அகற்றப்படாத ஓர் ஆவணம். ஆனால் பல அறிவிப்புகளில் இறந்தவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ள ஆங்கில உருவத்திலிருந்து தமிழுக்கு மாற்றப்படுகிறது. மரைக்காயர் ஆங்கிலத்தில் போய் மெரிக்கனாகித் தமிழுக்கு மெரிக்கனாகவே திரும்பி வருகிறார். இயற்பெயர்களிலும் இதே சிதைவு நடக்கிறது. விளம்பரம் கொடுக்க வருபவரிடம் உங்கள் பிரிவு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால் போதும்: குடும்பத்தார் தமிழில் எழுதும் முழுப்பெயர் என்ன, தந்தையின் பட்டத்தோடு? சொந்த ஊர் எது, முன்பு எந்த மாவட்டம்? மரைக்காயர்களுக்கு மட்டும் என்றில்லை. ராவுத்தர், லெப்பை என்று பட்டமோ வீட்டுப் பெயரோ வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது உதவும். கூடுதலாக ஒரு வரிதான் பிடிக்கும். அந்த வரிக்குக் கட்டணம் வாங்காமல் விட்டால் சொல்லத் தயங்குபவர்களும் சொல்லுவார்கள்.

அந்த வரி இப்படி இருந்தால் போதும்: ‘பரங்கிப்பேட்டை (முன்னாள் தென்னார்க்காடு மாவட்டம்) முகம்மது காசிம் மரைக்காயர் அவர்களின் பேரனும், அப்துல் காதர் அவர்களின் மகனுமாகிய...’

இப்படிக்கு,
ஒரு வாசகர்
பிடோக், சிங்கப்பூர்